கீழ் ஸ்தாயி

மெல்லிசைக் கச்சேரியைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவது வழக்கமில்லை. சங்கீதம் என்றால் நமக்குக் கர்நாடக சங்கீதம். அதை விட்டால் கூத்து, பறை, நாட்டார் பாடல். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் மேடை போட்டுச் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு நம் ரசனையின் கணக்கில் வருவதில்லை. வர வேண்டும் என்று வாதாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட ஒரு குழுவில், மேடையின் பின்மூலையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று 11 வருஷமாகப் பேஸ் கிடார் வாசித்து வருகிறேன். வார நாட்களில் வங்கியில் எழுத்தர். அந்த மூலையிலிருந்து பார்த்தால் தெரிகிற இரண்டு விஷயங்களைச் சொல்லத் தோன்றியது. ஒன்று கவிதையைச் சார்ந்தது. மற்றது பணத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பது என் கட்சி.

பேஸ் கிடாரைக் கண்ணால் பார்த்திராதவர்கள் இன்று குறைவு. அதைத் தனியாகக் காதால் கேட்டவர்களும் குறைவுதான். நான்கு தந்திகள். சாதாரண கிடாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்திருக்கும். ஆகத் தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். வீணைக்கு மெட்டு இருப்பதுபோல் இதற்கும் உலோக மெட்டுகள் உண்டு, ஃப்ரெட் என்பார்கள். இந்த வாத்தியம் கலைஞன் ஒருவனின் கனவில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், ரேடியோ ரிப்பேர் செய்து பழகியவர், 1951ல் இதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை இந்த வேலையைச் செய்துவந்தது ஆள் உயர டபுள் பேஸ். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. மற்ற வாத்தியங்கள் மின்சாரத்தில் உரத்து ஒலிக்கத் தொடங்கிய பிறகு அது யார் காதிலும் விழவுமில்லை. ஃபெண்டர் தன் வாத்தியத்துக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். மெட்டு இருப்பதால் ஸ்வரம் பிசகாது என்பது பொருள். சுமக்க வசதி, பிசகாமல் வாசிக்க வசதி, கேட்க வசதி. இந்த மூன்று வசதிகளுக்காகப் பிறந்தது. என்னைப் போன்ற பகுதிநேரக்காரன் இதைத் தேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

என்னுடையது அந்த வடிவத்தில் வேறு எங்கோ செய்த நகல். ஏறக்குறைய நாலு கிலோ. மூன்று மணி நேரக் கச்சேரியில் இடது தோள் அதை நன்றாக உணரும். தந்தி ஒரு செட் வாங்கும் விலையில் சாதாரண கிடாருக்கு மூன்று நான்கு செட் வாங்கலாம். அதனால் பழைய தந்தியைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுகிறேன். விரலின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சுற்றுக்கம்பியின் இடுக்கில் சேர்ந்துதான் நாதம் மழுங்குகிறது. கொதிக்க வைத்தால் சில வாரங்களுக்குப் பழைய கணீர் திரும்பும். என் மனைவி அதற்கென்று ஒரு பாத்திரத்தை ஒதுக்கிவிட்டாள். அதில் வேறு எதையும் வைப்பதில்லை.

ஒத்திகை ஞாயிறு காலை பத்து மணிக்கு, உறையூரில் ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியில். அன்று வகுப்பு கிடையாது. உறை போட்ட டைப்ரைட்டர்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்போம். இரண்டு கீபோர்டு, ஒரு பேட், தபலா, டிரம்ஸ், லீட் கிடார், புல்லாங்குழல், பாடுகிறவர்கள் நான்கு பேர், ஓரத்தில் நான். என் ஆகத் தாழ்ந்த ஸ்வரத்தின் அலை நீளம் 27 அடி. அறையின் நீளம் 20 அடிதான். ஸ்வரம் அறையை விட நீளம். அதனால் அந்த அறையில் என் வாசிப்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். சுவர் மூலையில் உட்கார்ந்திருக்கும் தபலாக்காரருக்குக் காது அடைக்கும். நடுவில் நிற்கும் பாடகிக்கு நான் இருப்பதே தெரியாது. அவர் கூட்டச் சொல்வார், இவர் குறைக்கச் சொல்வார். இருவர் சொல்வதும் அவரவர் நிற்கும் இடத்தில் சரிதான். ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தைத் தொட்டால் மூன்றாவது வரிசையில் உள்ள ஒரு டைப்ரைட்டரின் மணி தானாகச் சிணுங்கும். எந்த டைப்ரைட்டர் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டு வரும்போது யாராவது ஒருவர் போய் அதன் மேல் கையை வைத்துக்கொள்வார்.

திறந்தவெளியில் வேறு தொல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. கோயில் திடலில் ஜெனரேட்டருக்குச் சரியான எர்த் இல்லாவிட்டால் அந்த 50 ஒலியாகவே பெட்டிகளில் வந்துவிடும். அது போய் விழுகிற இடம், என் தடித்த தந்தியில் மூன்றாவது மெட்டுக்குச் சற்று மேலே. அதாவது என் ஆட்சிக்கு உட்பட்ட இடம். மைக்செட்காரர் அந்த உறுமலை அடக்க அந்தப் பகுதியையே குறைப்பார். உறுமலோடு சேர்ந்து நானும் குறைந்துபோவேன். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அரசு விசேஷ அனுமதி கொடுத்த நாட்களில் நள்ளிரவு வரை போகலாம். மற்ற நாட்களில் ஒன்பதே முக்காலுக்குக் காவலர் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். கடைசிப் பாட்டின் பல்லவியைத் திரும்ப எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒருவன் 11 வருஷம் எதற்காகப் படுகிறான் என்ற கேள்விக்கு, 'ஆசை' என்று பதில் சொல்லித் தப்பிக்கலாம். கொஞ்சம் விளக்கியே சொல்லிப் பார்க்கிறேன்.

நம் சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம் அசையாது. தம்புரா கச்சேரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் எங்கெங்கோ போகலாம், போன தூரத்தை அந்த அசையாத ஒன்றிலிருந்துதான் அளக்கிறோம். மேற்கத்திய இசையிலிருந்து சினிமாப் பாட்டுக்கு வந்து சேர்ந்த பேஸ் இதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்கிறது. பாடகர் பஞ்சமத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்வை, அசையவே இல்லை. கீழே நான் ஷட்ஜத்தில் இருந்தால் அது வீடு வந்து சேர்ந்தவனின் பஞ்சமம். நான் அந்தர காந்தாரத்துக்குப் போகிறேன். அதே பஞ்சமத்தில் ஒரு வாட்டம் வந்துவிடுகிறது. சாதாரண காந்தாரத்துக்குப் போனால் வெளிச்சம் மாறுகிறது, எங்கோ வேறு ஊரில் பொழுது விடிந்ததுபோல. சதுச்ருதி தைவதத்துக்குப் போனால் அது முடியாத வாக்கியம். அடுத்து ஏதோ வந்தாக வேண்டும் என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். பாடகர் ஒன்றும் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறார். கீழே தரை நகர்ந்திருக்கிறது. கைதட்டல் அவருக்கு விழுகிறது. அதில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நின்றது அவர் அல்லவா?

இதைத் தமிழில் முழுமையாக உணர்ந்து கையாண்டவர் இளையராஜா. 1976ல் 'அன்னக்கிளி' வந்தபோது எல்லோரும் பேசியது கிராமத்து மெட்டுகளைப் பற்றி. சில வருஷங்களிலேயே அந்த மெட்டுகளுக்குக் கீழே வேறொன்று நடக்கத் தொடங்கிவிட்டது. 1980ல் வெளிவந்த 'மூடுபனி'யில் கிடாரோடு வரும் அந்தப் பிரசித்தமான பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பாட்டின் மெட்டை மறந்துவிட்டுக் கீழே மட்டும் கேட்டுப் பார்த்தால் அங்கே இன்னொரு பாட்டு இருக்கிறது. துணைக்கு வந்தது போலப் பின்னால் நடக்காமல், சமயத்தில் முந்திப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வரவேண்டும் என்பதை அவர் ஸ்வரம் ஸ்வரமாகத் தாளில் எழுதிக் கொடுப்பவர். பேஸுக்கும் அப்படியே. அதை வாசித்தவர்களில் முக்கியமானவர் சசிதரன். அந்தப் பாட்டுகளை ஆயிரம் முறை கேட்ட என் தலைமுறையில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இனி கவிதைக்கு வருகிறேன். ஒரு வரியின் அர்த்தம் அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில் நாம் நிறைய விமர்சனம் எழுதிவிட்டோம். படிமம், குறியீடு, சொல் தேர்வு என்று பிரித்துப் பார்க்கிறோம். எல்லாம் மேல் ஸ்தாயிச் சமாச்சாரங்கள். வரிக்குக் கீழே என்ன நகர்கிறது என்று கேட்பதில்லை. ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' 1973ல் வந்த தொகுப்பு. அதில் பல கவிதைகளில் மேலே கேட்பது தெருவில் பேசுகிற நக்கல். கீழே ஓடுவது மரபுச் செய்யுளின் நடை. அந்த நடை இல்லாவிட்டால் அந்த நக்கல் வெறும் துணுக்காகப் போயிருக்கும். பழைய ஓசைக்குப் பழகிய காது கம்பீரத்தை எதிர்பார்க்கிறது. மேலே வேறொன்று வந்து நிற்கிறது. சிரிப்பும் திகைப்பும் அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்திலிருந்து வருகின்றன. பின்னால் வந்தவர்களில் பலர் அந்த நக்கலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தரை இல்லாமல் நிற்கப் பார்த்தார்கள். யாப்பை மறுபடி கொண்டுவா என்று நான் சொல்வதாக நண்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வசன கவிதைக்கும் கீழ் ஸ்தாயி உண்டு. பேச்சின் தயக்கம், வாக்கியம் முடியும் இடம், ஒரு சொல் திரும்ப வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம், இவையெல்லாம் அதுதான். கவிதையை வாய்விட்டு ஒரு முறை படித்தால் அது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் காது செய்கிற ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். இன்று பாட்டைப் பெரும்பாலோர் கேட்பது செல்பேசியில். அதன் சின்ன ஒலிபெருக்கியால் விநாடிக்கு 41 அதிர்வை எழுப்ப முடியாது. அது பௌதிகம். இருந்தும் அந்த ஸ்வரத்தைக் கேட்டதாகவே நாம் உணர்கிறோம். காரணம், எந்த ஸ்வரமும் தனியாக வருவதில்லை. அதன் இரட்டிப்பு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேலெழும் ஒலிகளும் கூட வருகின்றன: சுமார் 82, 124, 165. இவை காதில் விழுந்தால், இவற்றுக்கெல்லாம் பொதுவான அந்த 41 இருந்தாக வேண்டும் என்று கேட்பவனின் மூளையே முடிவு செய்து அதைச் சேர்த்துக்கொள்கிறது. இல்லாத ஸ்வரம் கேட்கிறது. நல்ல வாசகன் கவிதையில் செய்வதும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. எழுதப்படாத ஒன்றை, எழுதியவற்றின் பொதுக் காரணமாக அவன் கேட்டுவிடுகிறான். மேலே இருப்பவை அந்தக் கணக்குக்கு உட்பட்டு இருந்தால்தான் அவனால் முடியும். கணக்கில்லாமல் சிதறிக் கிடந்தால் எந்த வாசகனும் அடியில் எதையும் கேட்க மாட்டான்.

ஆனால் கேட்பவனே சேர்த்துக்கொள்வான் என்றால், வாசிப்பவன் எதற்கு? எங்கள் குழுத் தலைவர் கேட்டது கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான். அவர் பௌதிகம் படித்தவரல்ல. வரவு செலவு பார்ப்பவர். என் இரண்டாவது விஷயம் இங்கே தொடங்குகிறது.

எங்கள் குழுவில் பேஸ் வாசிக்க இருவர். வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம் நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அந்த நாட்களும் ஞாயிறும் பெரும்பாலும் என்னுடையவை. மற்றக் கிழமைகளில் ஒரு பெரியவர். வயது 61. முப்பது வருஷத்துக்கு மேலாக இதுவே ஜீவனம். கச்சேரி இல்லாத மாதங்களில் குழந்தைகளுக்குக் கிடார் சொல்லிக் கொடுப்பார். எனக்கு இந்த வாத்தியத்தில் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. நான் சேர்ந்த புதிதில் வேகவேகமாக விரலை ஓட்டிக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, தொடுறதெல்லாம் சரியா இருக்கு. விடுறதைக் கத்துக்கங்க" என்றார். ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். காலால் அடிக்கும் பெரிய டிரம்மோடு சேர்ந்து தொடங்க வேண்டும். சின்ன டிரம்மின் அடி விழுவதற்கு முன் இடது கையைத் தளர்த்தித் தந்தியை அடக்கிவிட வேண்டும். அந்த மௌனத்தில்தான் சின்ன டிரம் துல்லியமாக விழும். ஆடுகிறவனுக்கு கால் எழும்புவது அங்கேதான். இதைக் கற்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. எழுத்தில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஆடி மாதத்துக்கு முன்னால் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேங்க் சார், சின்ன ப்ரோகிராமுக்கெல்லாம் இனிமே லேப்டாப்ல ட்ராக்கை ஓட்டிக்கலாம்னு இருக்கேன். கேக்குறவனுக்கு வித்தியாசம் தெரியாது. பெரிய ப்ரோகிராமுக்கு மட்டும் ஒரு பேஸ். நீங்களே வந்துடுங்க."

"பெரியவருக்கு என்ன சொல்லப் போறீங்கண்ணே?"

"என்ன சார் சொல்றது. அவருக்குக் கையில குடுக்கணும். பஸ்ஸுக்குக் குடுக்கணும். உங்களுக்கு என்ன, ஒண்ணாந்தேதி சம்பளம் வருது. நீங்க சும்மான்னாலும் வாசிப்பீங்க."

கடைசி வாக்கியத்தை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். என்னைப் பற்றிய உண்மையும் அதில் இருந்தது. காசு தராவிட்டாலும் நான் வாசிப்பேன்தான். பல வருஷம் அதைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவன் நானல்ல என்பது அவர் சொன்ன விதத்தில் துலக்கமாகத் தெரிந்தது. என் ஆசை, பக்கத்தில் நிற்கும் மனிதனின் கூலியைக் குறைக்கும் கருவி. இலவசமாக வாசிக்கத் தயாராக ஒருவன் இருக்கும்வரை, கேட்டு வாங்குகிறவன் பேராசைக்காரனாகத் தெரிவான்.

நான் சொன்ன பதில் இது. பெரியவர் வர முடியாத தேதிகளில் மட்டும் நான் வருகிறேன். அப்படி வரும்போது அவருக்குக் கொடுக்கும் 1,500 ரூபாயை எனக்கும் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் வரமாட்டேன். தலைவர் சிரித்தார். "சம்பளக்காரர் நீங்க, எங்கிட்ட யூனியன் பேசுறீங்களே" என்றார். யூனியன்தான். வங்கியில் நான் வாங்குகிற சம்பளத்தை எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிப் பேசித்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆடியில் 13 கச்சேரி. ஏழில் பெரியவர், இரண்டில் நான், மீதி நான்கில் லேப்டாப். இதை வெற்றி என்று சொல்ல முடியாது. அந்த நான்கு கச்சேரியின் 6,000 ரூபாய் அவருக்குப் போகவேண்டியது, போகவில்லை.

ட்ராக்கில் என்ன குறை என்று கேட்கலாம். சுத்தமாகத்தான் இருக்கிறது. மூலப் பாட்டில் உள்ளதைப் பிசகாமல் வாசிக்கிறது, எர்த் இல்லாத உறுமல் இல்லை, டீ கேட்பதில்லை. ஒரு கச்சேரியில் நான் கீழே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண், வயது இருபது இருக்கும், சரணத்தை நாலு மாத்திரை முந்தி எடுத்துவிட்டாள். மனிதர்கள் வாசித்தால் இது ஒரு விஷயமே இல்லை. டிரம்ஸ்காரர் என்னைப் பார்ப்பார், நான் அடுத்த தட்டில் அவளுக்குக் கீழே போய் நின்றுகொள்வேன், அவள் முந்தினாள் என்பது அவளுக்கே தெரியாமல் போகும். ட்ராக் யாரையும் பார்ப்பதில்லை. அது தன் வழியே போய்க்கொண்டிருந்தது. அவள் அதைத் துரத்திப் பிடித்தாள், முகமெல்லாம் வியர்த்துவிட்டது. தரை நகரும் என்று முன்னால் சொன்னேன். அவள் தடுமாறிய திசையில் நகரக்கூடிய தரை வேறு, அவள் இருப்பதே அறியாத தரை வேறு. வித்தியாசம் கேட்பவனுக்குத் தெரியாமல் போகலாம். பாடுகிறவளுக்குத் தெரிந்தது.

கேட்காத வேலைக்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாத வேலைக்குக் கூலி குறைவு. இது எங்கள் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமல்ல. டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனிக்கு 1960களில் வெளிவந்த வெற்றிப் பாட்டுகளில் கணக்கற்றவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே பெரும்பாலும் மீட்டியவர். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். பகலில் அந்த ஸ்டூடியோ, இரவில் கிளப்புகளில் ஜாஸ். அவர் பெயர் அந்தக் கம்பெனியின் இசைத்தட்டு உறையில் அச்சானது 1971ல், மார்வின் கேயின் 'வாட்'ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தபோதுதான். 1983ல் இறந்தார். அவரைப் பற்றிய புத்தகமும் படமும் கௌரவமும் அதற்குப் பிறகு வந்தவை. நம்மிடமும் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர் பொதுவாக இருந்ததில்லை. ரஹ்மான் வந்த பிறகு காஸெட் உறையில் அந்தப் பெயர்கள் வரத் தொடங்கின. கீத் பீட்டர்ஸ் என்றொருவர் சென்னையில் பேஸ் வாசிக்கிறார் என்று பள்ளிக்கூட வயதில் நான் தெரிந்துகொண்டது அப்படி ஒரு உறையிலிருந்து. மூக்குக்கருகே பிடித்துப் படிக்கவேண்டிய சின்ன எழுத்து. அந்தச் சின்ன எழுத்துத்தான் இது ஒரு மனிதன் செய்கிற காரியம் என்று எனக்குச் சொன்னது.

இதை நான் இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாம் எல்லோருமே பகுதிநேரக்காரர்கள். வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கியில் வேலை பார்த்தவர்கள். எலியட் 1917லிருந்து 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் இருந்தார். 'தி வேஸ்ட் லேண்ட்' 1922ல் அந்த நாற்காலியில் இருந்தபோது வெளிவந்தது. அவரை வங்கியிலிருந்து விடுவிப்பதற்காக எஸ்ரா பவுண்ட் நண்பர்களிடம் பணம் திரட்டப் பார்த்தார், அது கூடிவரவில்லை. ஒரு பதிப்பகத்தில் சம்பளத்தோடு வேலை கிடைத்த பிறகே எலியட் வங்கியை விட்டார். இந்தக் கதையை நாம் எழுத்தாளனின் தியாகக் கதையாகச் சொல்லிக்கொள்கிறோம். பவுண்ட் கேட்க நினைத்த எளிய கேள்வியை, அதாவது இந்த வேலைக்கு யார் பணம் கொடுப்பது என்பதை, விட்டுவிடுகிறோம்.

நம் பத்திரிகைகளில் காகிதக்காரருக்குப் பணம் உண்டு. அச்சகத்துக்கு உண்டு. தபால் செலவு உண்டு. எழுதுகிறவனுக்கு மட்டும் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லாமல் ஒரு சுத்தமாகவே சொல்லி வந்திருக்கிறோம்: வணிகப் பத்திரிகை சன்மானம் தரும், நாம் அதற்காக எழுதுகிறவர்கள் அல்ல. நானும் இதைச் சொல்லியிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். ஒன்றாந்தேதி சம்பளம் வருகிறவனுக்கு இதை நம்புவதில் சிரமமில்லை. சம்பளமில்லாத ஒருவன் நன்றாக எழுதக்கூடியவனாக இருந்தால், அவன் இந்தப் பக்கங்களுக்கு வந்து சேர என்ன வழி? மாதக்கடைசியில் ஒரு நீண்ட கட்டுரைக்கு மூன்று ஞாயிறுகளைக் கொடுக்க அவனால் ஆகுமா? நம் குழுவில் யார் யார் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வங்கி, தபால், வாத்தியார், அரசாங்க அலுவலகம் என்றே வருகிறது. தரமான எழுத்து இந்த உத்தியோகங்களில்தான் விளைகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சும்மா வாசிக்கத் தயாரான சம்பளக்காரர்கள் மேடையை நிரப்பியிருக்கிறோம். வராமல் போனவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, பெயர் இல்லாததால் கணக்கிலும் இல்லை.

பணம் கொடுத்தால் எழுத்து கெடும் என்பவர்களுக்கு என்னிடம் பெரிய மறுப்பு எதுவும் கிடையாது. பெரியவர் 1,500 ரூபாய்க்கு வாசிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். ஓசியில் வாசித்த என்னையும் கேட்டிருக்கிறேன். எந்த வாசிப்பில் விடவேண்டிய இடத்தில் தந்தி விடப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தக் கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பும்போது கூட ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன். அதில் தொகை எதுவும் குறிப்பிடவில்லை. பத்திரிகையின் கையிருப்பு எனக்குத் தெரியும். பத்து ரூபாயானாலும் சரி, எழுதியதற்கு என்று கணக்கில் ஒரு வரி வரவேண்டும். எனக்கு வேண்டாமென்றால் அடுத்த இதழில் எழுதப்போகிற, என்னைப்போல் சம்பளமில்லாத ஒருவருக்கு அந்த வரி உதவும். இதை நான் கேட்காமல் அவர் கேட்டால், பேராசைக்காரர் என்று நாம் நினைத்துவிடுவோம்.